மங்கிப்போன ஹெட்லைட்: வீட்டிலேயே தேய்த்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

மூன்றாம்கியர், பாளையங்கோட்டை
மே 11, இரவு 10.20

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2011 மாடல் சின்னக் கார். அப்பா ஓட்டியது, இப்போது என் கையில். எஞ்சின், கியர், ஏ.சி. எதையும் குறை சொல்ல முடியாது. ஹெட்லைட் இரண்டும்தான் முட்டைக்கரு நிறத்துக்குப் போய்விட்டன.

போன வாரம் தங்கை வீட்டு விசேஷம் முடிந்து அம்பாசமுத்திரத்திலிருந்து ராத்திரி திரும்பிக்கொண்டிருந்தோம். ரோட்டில் படுத்திருந்த மாடு பத்தடிக்குள் வரும்வரை தெரியவில்லை. பிரேக் அடித்து நின்றுவிட்டேன். பின் சீட்டில் இருந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பல்ப் மாற்றிப் பார்த்தாயிற்று, பெரிய வித்தியாசம் இல்லை. கடைக்காரர் பேச்சைக் கேட்டு வெள்ளை எல்.இ.டி. போட்டேன். வண்டிக்கு முன்னால் மோர் கொட்டியது போல ஒரு வெளிச்சம். எதிரே வருகிறவர்கள் எல்லாரும் டிம் அடித்துத் திட்டினார்கள். இரண்டே நாளில் கழற்றிவிட்டேன்.

வலது விளக்கு ரொம்ப மோசம், இடது கொஞ்சம் தேவலை. வாசலில் மேற்கு பார்த்து நிறுத்துகிறோம், இடது பக்கத்துக்கு மட்டும் வேப்பமர நிழல் உண்டு. புது செட்டுக்கு 7,000 ரூபாய் கேட்கிறார்கள். பற்பசை போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்று வீடியோவில் காட்டுகிறார்கள். உண்மையா?

கோவை_டீசல்
மே 11, இரவு 10.41

உண்மைதான் நண்பா. வெள்ளைப் பேஸ்ட் எடுங்கள், ஜெல் வேண்டாம். பழைய பனியன் துணியில் தொட்டு வட்டமாகத் தேயுங்கள், பத்து நிமிடம் போதும். எஃப்.சி.க்கு, அதாவது வண்டித் தகுதிச் சான்றுக்குப் போகிற டாக்சிக்காரர்கள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள்.

பட்டறைக்காரன், மதுரை
மே 12, காலை 6.15

எஃப்.சி. அன்றைக்குப் போதும். அடுத்த மாதத்துக்குப் போதாது. பேஸ்ட்டில் இருப்பது பல்லைத் தேய்க்கிற நைசான பொடி. மேலாக இருக்கும் மஞ்சளைக் கொஞ்சம் சுரண்டும், அவ்வளவுதான். பூச்சு போன பிளாஸ்டிக் அம்மணமாகவே நிற்கும்.

தம்பி, எதையும் தேய்ப்பதற்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீரை விளக்கின் மேல் ஊற்றிப் பாருங்கள். ஈரம் இருக்கும்வரை உள்ளே இருக்கிற பல்ப் பளிச்சென்று தெரிந்தால் கோளாறு வெளியே இருக்கிறது. ஊற்றியும் மங்கலாகவே இருந்தால் உள்ளே. சீல் விட்டுப்போய் ஈரமும் தூசியும் புகுந்திருக்கும், இல்லாவிட்டால் பல்புக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற ரிஃப்ளெக்டர் கருகியிருக்கும். அப்படியானால் வெளியே எவ்வளவு தேய்த்தாலும் கைவலிதான் மிச்சம். ஊற்றிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

மூன்றாம்கியர்
மே 12, காலை 7.05

ஊற்றினேன் அண்ணாச்சி. ஆச்சரியமாக இருக்கிறது. தண்ணீர் பட்ட இடமெல்லாம் புதுக் கண்ணாடி மாதிரி ஆகி, பல்பின் தலையில் இருக்கிற மூடிகூடத் தெரிந்தது. அப்புறம் காயக் காய மேலிருந்து கீழாக மஞ்சள் திரை இறங்கி வந்து மூடிக்கொண்டது. இரண்டு விளக்கிலும் இதே கதை. ரிஃப்ளெக்டர் வெள்ளிபோலத்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீர் ஊற்றினால் ஏன் தெளிகிறது?

ஆய்வுக்கூடத்து_வாத்தியார், தஞ்சாவூர்
மே 12, மாலை 5.50

பள்ளி முடிந்து வந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளக்கின் முன்பக்கம் கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். கடைக்கு வருகிற 20 லிட்டர் தண்ணீர் கேன்களில் அந்த லேசான நீல நிறக் கெட்டி ரகமும் இதே பொருள்தான். வெயிலில் கிடந்த பழைய கேன் எப்படிப் புகை படிந்தாற்போல் ஆகிறது என்று பார்த்திருப்பீர்கள்.

பாலிகார்பனேட்டைச் சுத்தியலால் அடித்தாலும் லேசில் உடையாது. ஆனால் வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர் அதற்கு ஆகாது. மூலக்கூறுச் சங்கிலியைத் துண்டு துண்டாக்கும், காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்துகொள்ளும், மஞ்சள் நிறம் அப்படி உண்டாவதுதான். அதனால் தொழிற்சாலையிலேயே மேலே ஒரு மெல்லிய காப்புப் பூச்சு பூசி அனுப்புகிறார்கள். வெயில், மணல், கல், கார் கழுவுகிறவரின் அழுக்குத் துணி எல்லாம் சேர்ந்து சில வருடங்களில் அந்தப் பூச்சைத் தின்றுவிடுகின்றன. பூச்சு போன இடத்தில் பிளாஸ்டிக் அரிக்க ஆரம்பிக்கும். நல்ல வேளையாக அரிப்பு ஆழமாகப் போவதில்லை, மேல்தோல் அளவுதான். தேய்த்தால் சரியாவது அதனால்தான்.

தண்ணீர் சமாசாரம்: அரித்த மேற்பரப்பு பொடிப்பொடிக் குழிகளாக இருக்கும். குழிக்குள் காற்று இருந்தால் ஒளி அங்கே கண்டபடி வளைந்து சிதறும். காற்றின் ஒளிவிலகல் எண் 1, பாலிகார்பனேட்டுக்குச் சுமார் 1.58. இடையில் இவ்வளவு வித்தியாசம். தண்ணீருக்கு 1.33. குழியைத் தண்ணீர் நிரப்பியதும் வித்தியாசம் பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது, சிதறல் குறைகிறது, தெளிவாகத் தெரிகிறது. தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்குகிற வீடியோக்களின் ரகசியமும் இதுதான். எண்ணெய் தண்ணீர்போல உடனே காயாது, அதனால் வீடியோ எடுத்து முடிக்கிறவரை நிற்கும்.

நீங்கள் எல்.இ.டி. போட்டபோது மோர் கொட்டியதுபோல இருந்ததற்கும் இதே சிதறல்தான் பெரிய காரணம். பல்ப் பிரகாசம் கூடக்கூடச் சிதறுவதும் கூடும். போதாததற்கு, ஹாலஜன் இழை இருக்கிற இடத்தைக் கணக்குப் போட்டுச் செய்த ரிஃப்ளெக்டர் அது. வேறு பல்ப் வைத்தால் வெளிச்சம் போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போகும்.

பழைய அம்பாசடரில் இந்தத் தொல்லையே கிடையாது, கண்ணாடி விளக்கு. அமெரிக்காவில் 1940 முதல் 1983 வரை மூடி முத்திரையிட்ட கண்ணாடி விளக்கு மட்டும்தான் போடலாம் என்று சட்டமே இருந்தது. அதைத் தளர்த்திய பிறகுதான் வண்டியின் முகத்துக்கு ஏற்றபடி வளைந்த பிளாஸ்டிக் விளக்குகள் பெருகின. அழகு வந்தது, கூடவே மஞ்சளும் வந்தது.

யாழ்_ஓட்டி, சுன்னாகம்
மே 12, இரவு 8.30

வாத்தியார் வடிவாக விளங்கப்படுத்தியிருக்கிறார். நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன், வேறு ஒருவரும் செய்யக் கூடாது.

என்னுடையது ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்த கார். 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இங்கே உதிரிப்பாகம் எல்லாம் ஆனை விலையாகிவிட்டது. சோடி லைட் வாங்குவதென்றால் ஒரு மாதச் சம்பளம் போதாமல் இருந்தது. அந்த நேரம் ஒரு வீடியோவில் நுளம்பு மருந்தை அடித்துத் துடைக்கச் சொன்னார்கள். உடம்பில் பூசுகிற ஸ்ப்ரே. அடித்தேன், துடைத்தேன், துணி முழுக்க மஞ்சள், லைட் பளிங்கு மாதிரி வந்துவிட்டது. பின்னேரம் பக்கத்து வீட்டு அண்ணையின் காருக்கும் நானே செய்து கொடுத்தேன். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு.

மூன்று கிழமைக்குள் லைட்டின் மேல் ஒருவிதப் பிசுபிசுப்பு, தூசு எல்லாம் ஒட்டிக்கொண்டது. பிறகு சிலந்திவலை மாதிரி பொடி வெடிப்புகள். நகத்தால் தடவினால் தட்டுப்படாது, வெளிச்சம் போட்டால் தெரியும். பக்கத்து வீட்டு அண்ணை இன்றுவரை அதைப் பற்றிக் கதைக்கவில்லை. காரைக் கழுவுகிற நேரத்தில் மட்டும் என்னை ஒரு பார்வை பார்ப்பார்.

மேம்பாலத்தடி, சென்னை
மே 12, இரவு 8.44

நுளம்பு என்றால்?

யாழ்_ஓட்டி
மே 12, இரவு 8.46

கொசு, அண்ணை.

ஆய்வுக்கூடத்து_வாத்தியார்
மே 12, இரவு 9.10

அதில் இருக்கிற டீட் என்ற மருந்து பல பிளாஸ்டிக்குகளைக் கரைக்கும். உங்கள் விளக்கின் மேல்தோலை அது இளக்கிவிட்டது. இளகிய தோல் குழிகளை மூடிக்கொண்டதைத்தான் பளிங்கு என்று நினைத்தீர்கள். பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோன், எதுவும் பாலிகார்பனேட் பக்கம் போகக் கூடாது. உடனே ஒன்றும் தெரியாது, உள்ளுக்குள் இறுக்கம் இருக்கிற இடங்களில் பின்னால் வெடிப்பு விடும்.

மேம்பாலத்தடி
மே 12, இரவு 9.32

அப்படியென்றால் ஆவி பிடிக்கிற வேலை என்ன கணக்கு? எங்கள் பக்கம் சாலையோரத்தில் ஒருவர் சின்னக் குவளை ஒன்றை பேட்டரியில் சூடாக்கி, அதன் மூக்கிலிருந்து வருகிற புகையை ஹெட்லைட் மேல் காட்டினார். கண்ணெதிரே மாயம் மாதிரி தெளிந்தது. 600 ரூபாய் கொடுத்தேன். ஐந்து மாதம் நன்றாக இருந்தது. இப்போது பழைய மஞ்சளும் வந்துவிட்டது, கூடவே யாழ்ப்பாண நண்பர் சொன்ன சிலந்திவலையும் வந்துவிட்டது.

ஆய்வுக்கூடத்து_வாத்தியார்
மே 12, இரவு 9.58

அதே கரைப்புதான், கொஞ்சம் நாகரிகமாக. அந்த மாதிரி திரவங்கள் பெரும்பாலும் டைகுளோரோமீத்தேன் அல்லது குளோரோஃபார்ம் வகை. ஆவி பட்டதும் பிளாஸ்டிக் தோல் உருகி வழவழப்பாகிறது. புதுக் காப்புப் பூச்சு என்று எதுவும் உட்காருவதில்லை. அதனால் வெயில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

விளக்கை விட எனக்கு அந்த மனிதரைப் பற்றித்தான் கவலை. டைகுளோரோமீத்தேனை மூச்சில் இழுத்தால் உடம்புக்குள் அதில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடாக மாறும். பெயிண்ட் உரிக்கிற திரவங்களில் இதைச் சேர்த்துப் பொதுமக்களுக்கு விற்கக் கூடாது என்று அமெரிக்காவில் 2019-லேயே தடை போட்டார்கள். இவர் ஒரு நாளைக்கு எத்தனை வண்டிக்குக் குனிந்து நின்று புகை காட்டுகிறாரோ.

கணக்குப்பிள்ளை, சேலம்
மே 13, காலை 9.15

இவ்வளவு அக்கப்போர் எதற்கு? 7,000 கொடுத்துப் புதுசு போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமே. பத்து வருடத்துக்கு 7,000 என்றால் மாதம் அறுபது ரூபாய் கூட வராது.

பட்டறைக்காரன்
மே 13, காலை 9.40

கம்பெனி ஒரிஜினல் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் 7,000-க்கு இவருக்குச் சொல்லியிருப்பது ஒரிஜினலா, வெளிமார்க்கெட் காப்பியா என்று கேட்டாரா? காப்பியில் சிலது நன்றாகவே இருக்கும். சிலதில் பூச்சு பேருக்குத்தான், இரண்டு கோடையில் வெளுத்துவிடும், வெளிச்சமும் சுவரில் அடித்துப் பார்த்தால் கோணல் மாணலாக விழும். சொந்த வண்டியில் இருப்பது ஒரிஜினல், உள்ளே வெள்ளிபோல இருக்கிறது என்கிறார். அதைக் காப்பாற்றுவதுதான் லாபம்.

ஆய்வுக்கூடத்து_வாத்தியார்
மே 13, மாலை 6.05

இதற்கு ஓர் அளவு இருக்கிறது. அமெரிக்காவில் ஏஏஏ என்கிற வாகன ஓட்டிகள் சங்கம் 2018-ல் சோதித்துப் பார்த்தது. மங்கிய விளக்குகள் லோ பீமில் புது விளக்கின் வெளிச்சத்தில் 22 சதவீதம்தான் தந்தன. தேய்த்துச் சீர்செய்த பிறகு சுமார் 70 சதவீதம் வரை திரும்பியது. ஆகக் கணக்குப்பிள்ளை சொல்வதிலும் நியாயம் உண்டு, புதுசின் வெளிச்சம் புதுசில்தான். ஆனால் 22-க்கும் 70-க்கும் நடுவில் ஒரு மாடு படுத்திருந்தால் தெரியுமா தெரியாதா என்பதை மூன்றாம்கியரே சொல்லட்டும்.

மூன்றாம்கியர்
மே 13, இரவு 9.20

தெரியும் சார், கொம்போடு தெரியும். முடிவு செய்துவிட்டேன், தேய்க்கப் போகிறேன். பட்டறைக்காரன் அண்ணாச்சி, முறையைச் சொல்லுங்கள். தோசைக்கல் தேய்த்த அனுபவம் மட்டும்தான் எனக்கு உண்டு.

பட்டறைக்காரன்
மே 14, காலை 5.50

சொல்கிறேன். முப்பது வருடமாக வண்டிக்கு பெயிண்ட் அடிக்கிறவன், எழுத வராது, பிழை இருந்தால் விட்டுவிடுங்கள்.

கடையில் வாட்டர் பேப்பர் கேளுங்கள். மரத்துக்குத் தேய்க்கிற உப்புத்தாள் இல்லை, தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற கறுப்புத் தாள். 800, 1000, 1500, 2000 நம்பரில் ஒவ்வொன்று, நம்பர் கூடக்கூடத் தாள் நைசு. விளக்கு ரொம்பச் செதில் விட்டிருந்தால் 600-ம் ஒன்று. அப்புறம் மாஸ்கிங் டேப், கட்டியான ஸ்பாஞ்ச் ஒரு துண்டு, பாலிஷ் போடுகிற நைஸ் காம்பவுண்டு ஒரு சின்ன டப்பா, இரண்டு வாளி.

காலையில் நிழலில் செய்யுங்கள். சூடான பிளாஸ்டிக்கில் கைவைக்காதீர்கள். பானெட்டைத் தூக்கிவிட்டு விளக்கைச் சுற்றி டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். ஒரு அடுக்கு ஒட்டி, அது கிழிந்தது தெரியாமல் பம்பரைத் தேய்த்துவிட்டு என்னிடம் வருகிறவர்கள் மாதத்துக்கு இரண்டு பேர்.

தாளை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப் போடுங்கள். தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு. ஸ்பாஞ்சில் சுற்றித்தான் தேய்க்க வேண்டும். வெறும் விரலால் தேய்த்தால் விரல் அழுந்திய இடம் வாய்க்கால் வாய்க்காலாகப் பள்ளம் விழும். 800-ஐ இடமும் வலமுமாக ஓட்டுங்கள். முதலில் மஞ்சள் பால் வடியும், அதுதான் செத்துப்போன பிளாஸ்டிக். பழைய பூச்சு அங்கங்கே தீவு தீவாக மிச்சம் நிற்கும், ஓரத்தை நகத்தால் தடவினால் படி மாதிரி தட்டுப்படும். அந்தப் படி முழுதும் போக வேண்டும். இங்கேதான் எல்லாரும் சோம்பேறித்தனம் பண்ணுவார்கள். வடிகிற பால் வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள்.

இந்த இடத்தில் விளக்கைப் பார்த்தால் அழுகை வரும். பாத்ரூம் ஜன்னல் கண்ணாடி மாதிரி ஒரே வெள்ளையாக இருக்கும். பயப்படாதீர்கள், அப்படித்தான் இருக்க வேண்டும்.

அடுத்து 1000-ஐ மேலும் கீழுமாக. திசையை மாற்றுவது எதற்கென்றால் 800 போட்ட கோடு ஒன்றுகூட மிச்சமில்லை என்று கண்ணில் தெரிய வேண்டும். ஒரு கோடு நின்றாலும் அடுத்த நம்பருக்குப் போகாதீர்கள், கடைசியில் அது ஒன்றுதான் வெளிச்சத்தில் மின்னும். ஒவ்வொரு நம்பருக்கும் வாளித் தண்ணீரை மாற்றிவிடுங்கள். 800-ன் ஒரு மணல் 2000-க்குள் புகுந்தால் முதலிலிருந்து வேலை.

இதுவரை சொன்னது பாதி வேலை. மீதி, மேலே என்ன பூசுகிறீர்கள் என்பது. தேய்த்துப் பாலிஷ் போட்டு அப்படியே விட்டால் ஆறே மாதம். நீங்கள் தேய்த்ததில் மிச்சம் இருந்த காப்பும் போய்விட்டது, அதை மறக்காதீர்கள். இரண்டு வழி இருக்கிறது.

சுலபமான வழி: 2000 முடித்து, காம்பவுண்டு போட்டுப் பளபளப்பாக்கி, யூ.வி., அதாவது வாத்தியார் சொன்ன புற ஊதாக் கதிர் தாங்கும் சீலண்டோ (மேல்பூச்சுத் திரவம்) நல்ல வேக்ஸோ பூசுவது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் மறுபடி பூச வேண்டும்.

கெட்டியான வழி: 1500-ஓடு நிறுத்திவிட்டு டூ கே கிளியர் அடிப்பது. கலர் அடித்த பிறகு காருக்கு மேலே அடிக்கிறோமே, ஹார்டனர் கலக்கிற பூச்சு, அதுதான். காம்பவுண்டு போடக் கூடாது, வழவழப்பாக இருந்தால் கிளியர் பிடிக்காது. தேய்த்த கோடுகளைக் கிளியரே நிரப்பிவிடும், தண்ணீர் ஊற்றியபோது பார்த்தீர்களே அதே மாதிரி. தொழிற்சாலைப் பூச்சுக்குச் சமம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நன்றாக அடித்தால் சில வருடம் நிற்கும்.

மூன்றாம்கியர்
மே 14, காலை 8.10

கிளியரை நானே அடிக்கலாமா? ஸ்ப்ரே டப்பாவில் கிடைக்கிறது என்று பார்த்தேன்.

பட்டறைக்காரன்
மே 14, இரவு 8.45

ஹார்டனர் இல்லாத டப்பாவும் இருக்கிறது, அது சீக்கிரம் உரியும். ஹார்டனர் உள்ளது என்றால் அடியில் ஒரு குமிழை அமுக்கிக் கலக்க வேண்டும், கலக்கிய பிறகு அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். கைவசம் டப்பா இருந்தாலும் பட்டறைக்காரர் யாரிடமாவது கொடுத்து அடியுங்கள் என்றுதான் சொல்வேன். விளக்கு அடிக்கப் பெரிய காசு கேட்க மாட்டார்கள். வேறு வண்டிக்குக் கிளியர் கலக்குகிற நாளாகப் பார்த்துப் போனால் டீக்காசோடு முடியும்.

காரணம் இருக்கிறது. ஹார்டனரில் ஐசோசயனேட் என்று ஒன்று இருப்பதாகப் பின்னால்தான் எனக்குச் சொன்னார்கள். முப்பது வருடம் ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அடித்தவன் நான். இப்போது மாடிப்படி ஏறினால் இழுக்கிறது. துண்டும் கொரோனா மாஸ்க்கும் இதற்கு ஆகாது, வடிகட்டி டப்பா மாட்டிய மாஸ்க் வேண்டும். என் பட்டறைப் பையன்களுக்கு இப்போது அதை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். போட மாட்டேன் என்கிறான்கள், வேர்க்கிறதாம்.

மூன்றாம்கியர்
மே 19, இரவு 10.05

ஞாயிற்றுக்கிழமை முடித்துவிட்டேன். விவரமாக எழுதுகிறேன், அடுத்து செய்கிறவர்களுக்கு உதவும்.

காலை ஆறரைக்கு ஆரம்பித்தேன். ஒரு விளக்குக்கு அரை மணி நேரம் ஆகும் என்று நினைத்தது தப்பு. வலது விளக்குக்கு 800-லேயே முக்கால் மணி நேரம் போனது. மஞ்சள் பால் என்று அண்ணாச்சி சொன்னது அப்படியே வந்தது, மஞ்சள் கரைத்த தண்ணீர் மாதிரி பம்பர் வழியாக வழிந்தது. மேல் விளிம்பில், பானெட்டை ஒட்டிய இடத்தில், பழைய பூச்சு கன்னியாகுமரி மாவட்ட வரைபடம் போல ஒரு தீவாக நின்றது. அதை எடுக்கத் தோள்பட்டை கழன்றுவிட்டது.

பக்கத்து வீட்டு மாமா வாக்கிங் போகும்போது பார்த்துவிட்டு, "நல்லா இருந்த லைட்டை ஏம்ப்பா கெடுக்கிற?" என்று கேட்டார். அப்போது அது பாத்ரூம் ஜன்னல் நிலையில் இருந்தது. பதில் சொல்ல எனக்கே தைரியம் இல்லை.

1000-க்குப் போனதும் திசை மாற்றும் வித்தை புரிந்தது. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால் இடம் வலமாக இருக்கிற கோடுகள் தனியாகத் தெரிகின்றன. மூன்று கோடுகள் மட்டும் போகவே இல்லை. மறுபடி 800-க்குப் போய் அந்த இடத்தில் மட்டும் தேய்த்துவிட்டு வந்தேன். 1500-ல் கொஞ்சம் பால்நிறம் குறைந்தது. இடது விளக்கில் 2000 முடிந்து காம்பவுண்டு வைத்துத் துணியால் தேய்த்தபோதுதான் உள்ளே பல்ப் எட்டிப் பார்த்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அப்பா வாங்கிட்டு வந்தப்ப இப்படித்தான் இருந்துச்சு" என்றார்.

ஒரு சோதனைக்காக இரண்டு விளக்குக்கும் இரண்டு வழியில் போனேன். இடது, வேப்பமர நிழல் உள்ளது, சீலண்ட் மட்டும். வலது, நல்ல வெயில் படுவது, 1500-ஓடு நிறுத்தித் திங்கட்கிழமை வண்ணார்பேட்டையில் ஒரு பட்டறையில் கிளியர். அவர் முதல் பூச்சைப் பனி விழுகிற மாதிரி லேசாக அடித்துப் பத்து நிமிடம் விட்டுத்தான் இரண்டாவது அடித்தார். முதலிலேயே கொழகொழவென்று அடித்தால் தின்னர் பிளாஸ்டிக்கைக் கடிக்குமாம். அதற்கு முன்னால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தார். நான் காலையில் விளக்கைத் தடவிப் பார்த்தேன் என்று சொன்னதும் முறைத்துவிட்டு இன்னொரு முறை துடைத்தார். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் கிளியர் மீன்கண் மாதிரி விலகி நிற்குமாம். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக்கூடாது என்றார்.

செலவு: தாள், டேப், காம்பவுண்டு, சீலண்ட் எல்லாம் சேர்த்து 640. கிளியருக்கு 200. அயோடெக்ஸ் தனி.

ரிலே_ராஜாங்கம், ஈரோடு
மே 20, காலை 7.30

நல்ல வேலை. ஆனால் யாரும் இன்னும் சொல்லாத ஒன்று. பழைய வண்டியில் ஸ்விட்ச், ஒயர், கனெக்டர் எல்லாம் கறுத்துப்போய் பல்புக்கு வந்து சேரும் வோல்டேஜ் குறைந்திருக்கும். ஹாலஜன் பல்புக்குப் பத்து சதவீதம் வோல்டேஜ் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, பேட்டரியிலும் பல்ப் கனெக்டரிலும் மீட்டர் வைத்துப் பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நல்ல எலக்ட்ரீஷியனிடம் ரிலே (ஸ்விட்ச் சொன்னபடி பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற சின்னப் பெட்டி) போட்டு பேட்டரியிலிருந்து நேர் ஒயர் இழுக்கச் சொல்லுங்கள். 90/100 வாட்ஸ் பல்ப் மட்டும் போட்டுவிடாதீர்கள். உங்கள் வண்டிக்கு 55/60-தான். கூடப் போட்டால் ஹோல்டர் உருகும், காப்பாற்றி வைத்த ரிஃப்ளெக்டர் கருகும்.

அப்புறம், சமதரையில் சுவருக்கு ஐந்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி லோ பீம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்கோடு, விளக்கின் நடு உயரத்தைவிட ஐந்து சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். மங்கலாக இருந்தவரை எப்படி இருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. இப்போது எதிரே வருகிறவன் கண்ணில் நேராகக் குத்தும்.

மூன்றாம்கியர்
மே 21, இரவு 9.15

பார்த்தேன் சார். வலது பக்கம் ஒரு சாண் மேலே அடித்துக்கொண்டிருந்தது! திருகி இறக்கிவிட்டேன். வோல்டேஜில் 1.3 வித்தியாசம் காட்டுகிறது, ரிலே வேலை அடுத்த சம்பளத்துக்கு.

யாழ்_ஓட்டி
மே 22, இரவு 7.50

என்னுடைய வெடிப்பு விட்ட லைட்டுக்கு இந்த முறை சரிவருமா?

பட்டறைக்காரன்
மே 22, இரவு 9.00

வெடிப்பு ஆழம் தெரியாமல் சொல்ல முடியாது தம்பி. ஒரு ஓரத்தில் 600 போட்டுப் பாருங்கள். வெடிப்பு மறைந்தால் தொடருங்கள். கால் மணி நேரம் தேய்த்தும் நின்றால் விட்டுவிடுங்கள், அது உள்ளே இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் முதலில் பார்க்க வேண்டாம்.

மூன்றாம்கியர்
அடுத்த ஆண்டு, ஏப்ரல் 6, மாலை 6.40

இந்தப் பழைய உரையாடலை மறுபடி மேலே தூக்குகிறேன், மன்னிக்கவும். பதினோரு மாதம் ஆகிறது. ஒரு கோடை, ஒரு வடகிழக்குப் பருவமழை, கணக்கில்லாத தூசி.

வலது விளக்கு, கிளியர் அடித்தது: அன்றைக்கு அடித்த மாதிரியே இருக்கிறது. கீழ் மூலையில் ஒரு சொட்டு வழிந்து உறைந்து நிற்கிறது, அது முதல் நாளே இருந்தது. லாரி தெறித்த கல்லால் இரண்டு பொட்டுகள்.

இடது விளக்கு, சீலண்ட் மட்டும்: ஆகஸ்டில் ஒரு முறை, தீபாவளிக்கு ஒரு முறை பூசினேன். அப்புறம் மறந்துவிட்டேன், பொய் சொல்ல விரும்பவில்லை. பொங்கல் வாக்கில் மேல் விளிம்பில் லேசாக மஞ்சள் தட்டியது. இப்போது மேல் கால்வாசி மங்கல். நிழலில் நின்ற விளக்கு மங்கி, வெயிலில் நின்றது தெளிவாக இருக்கிறது. வாசலில் நிறுத்தியிருக்கும்போது வண்டி ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

அண்ணாச்சி, இடதுக்கும் கிளியர் அடித்துவிடலாம் என்று இருக்கிறேன். மறுபடி 800-லிருந்தா?

பட்டறைக்காரன்
ஏப்ரல் 6, இரவு 9.25

வேண்டாம். பழைய பூச்சுதான் இல்லையே, மேலாக வந்த மஞ்சள்தான். சீலண்ட் முழுதும் போக ஷாம்பு போட்டுக் கழுவிவிட்டு 1000, 1500 இரண்டும் போதும். அக்னி நட்சத்திரம் வருவதற்குள் அடித்துவிடுங்கள். விரல் வைக்காதீர்கள்.